காலி வண்டிக்கு வழி

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

மகேஸ்வரியின் வணக்கம். உங்கள் காது எப்படி இருக்கிறது? புது மெஷின் இரைகிறது என்றீர்களே, கடையில் காட்டினீர்களா? எனக்கு உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. இங்கே குளிர் போய்விட்டது. ஸ்வெட்டர்களைத் துவைத்துப் பரணில் போட்டாயிற்று.

போனில் நான் பேசுவது உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டால் அண்ணனுக்கும் கேட்கும். வீட்டிலிருக்கும் ஒரே ஸ்மார்ட்போனும் அவர் சட்டைப் பையில். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் பலாஷ்ஜோர் வரை வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் திரும்பினேன். நீங்கள் சமைத்து வைத்துக் காத்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. என்ன நடந்தது என்று அண்ணன் சொல்லியிருக்கமாட்டார். நான் சொல்கிறேன்.

ஜாதவ்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாக ஒரு கணக்குப் போடுகிறோம். சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி ரயில்களை எந்த வரிசையில் ஓட்டினால் கோடையில் மின்சாரம் நிற்காமல் இருக்கும் என்பதுதான் அது. அதை விளக்கத்தான் உங்கள் ஊர் கண்ட்ரோல் ஆபீசுக்கு வந்தோம். வண்டிகளை எங்கே நிறுத்துவது, எதை முதலில் விடுவது என்று முடிவெடுக்கும் மேஜையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைத் தங்கை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் பாதி பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்தார். அவர் ஹிந்தியில் கேட்டதைத் தமிழில் தருகிறேன். "தப்பு நடந்தா உங்க கம்ப்யூட்டருக்கு மெமோ குடுப்பாங்களா, மேடம்?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தப் பாதையில் நிலக்கரிப் பஞ்சம் கிடையாது. உங்கள் பழக்கம்தான் பஞ்சம்" என்று அவருடைய மேலதிகாரி முன்னாலேயே சொன்னேன். அதற்குப் பிறகு அவரோடு வந்து உங்கள் வீட்டில் தட்டின் முன்னால் உட்கார என்னால் முடியவில்லை.

வார்த்தை கடுமைதான். ஆனால் பொய்யில்லை.

இது உங்களுக்கு மட்டும். அண்ணனிடம் சொல்லவேண்டாம்.

என்றும் உங்கள்
மகேஸ்வரி

•

ரயில்வே காலனி, பலாஷ்ஜோர்
14 பிப்ரவரி

அன்பு மகேஸ்வரிக்கு அண்ணி செல்வராணி ஆசியுடன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. மெஷினில் பாட்டரியை மாற்றினார்கள், இரைச்சல் நின்றுவிட்டது. இப்போது பக்கத்து வீட்டு மிக்ஸி மட்டும் நன்றாகக் கேட்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? லேக் மார்க்கெட் பக்கம் நல்ல காபித்தூள் கிடைத்தால் இரண்டு பொட்டலம் எனக்கு வாங்கி வை.

உன் அண்ணனிடம் சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. கடிதத்தை அரிசி டப்பாவின் மேல் வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் அதன்மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது.

"படிச்சீங்களா?" என்றேன்.

"எதை?"

"கண்ணாடிக்குக் கால் முளைச்சு இங்க வந்துச்சாக்கும்."

"அரிசி இருக்கான்னு பார்த்தேன்" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் அரிசி டப்பா பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

நீ வராமல் திரும்பிய அன்றைக்கு வத்தக்குழம்பும் சேனை வறுவலும் செய்திருந்தேன். அவர் வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். இரண்டு வேளையும் நானே சாப்பிட்டேன். உங்கள் இரண்டு பேர் ரோஷத்துக்கும் என் வயிறுதான் கிடைத்ததா?

பழக்கம்தான் பஞ்சம் என்றால் என்ன அர்த்தம்? எனக்குப் புரியும்படி எழுது. வேறு யாருக்கோ புரியவேண்டும் என்று மனதில் வைத்து எழுதாதே. எனக்கு எழுது. ஹோலிக்கு நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போ.

அன்புடன்
செல்வராணி

•

லேக் கார்டன்ஸ்
2 மார்ச்

அன்புள்ள அண்ணிக்கு,

காபித்தூள் வாங்கிவிட்டேன், தனியாக அனுப்புகிறேன். காது தேறியது சந்தோஷம். எனக்கு லேசாகச் சளி, பயப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். நிலக்கரி ஏற்றிய வண்டி லோடு. மின்நிலையத்தில் கொட்டிவிட்டுச் சுரங்கத்துக்குத் திரும்புவது காலி. சுரங்கத்துக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் இருப்பது ஒற்றைப் பாதை. இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று நிலையத்தில் ஒதுங்கவேண்டும். ஒதுங்குவது எப்போதும் காலிதான். ஒரு லோடுக்கு ஒதுங்கும், அதன் பின்னால் பாசஞ்சருக்கு ஒதுங்கும், அப்புறம் இன்னொரு லோடு. ஒரு நாள் முழுக்க நின்ற காலி வண்டிகள் உண்டு. அங்கே சுரங்கத்தில் நிலக்கரி குவிந்து கிடக்கிறது, ஏற்ற வண்டி இல்லை. மின்நிலையத்தில் கையிருப்புக் குறைந்தால் எல்லோரும் கத்துகிறார்கள். கத்தினால் கண்ட்ரோலில் லோடுக்கு இன்னும் அவசரமாக வழி விடுகிறார்கள். காலி இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறது.

எங்கள் கணக்கில் ஒவ்வொரு தடைக்கும் முடிவில் ஓர் எண் வரும். அந்தத் தடையைச் சற்றுத் தளர்த்தினால் எவ்வளவு நிலக்கரி கூடுதலாகப் போய்ச் சேரும் என்று அந்த எண் சொல்லும். சுரங்கத்தை இன்னும் ஆழமாகத் தோண்டினால் என்ன கிடைக்கும்? பூஜ்யம். இன்னும் எஞ்சின் கொடுத்தால்? பூஜ்யம். காலி ஒதுங்கி நிற்கும் நேரத்துக்கு மட்டும் பெரிய எண் வந்தது. நான்கு முறை போட்டுப் பார்த்தேன்.

கண்ட்ரோலில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. காலை கான்ஃபரன்ஸில் நேற்று எத்தனை லோடு கடந்தது என்றுதான் கேட்கிறார்கள். காலியை யாரும் கேட்பதில்லை. கேட்காததை யார் கவனிப்பார்கள்?

அண்ணனுக்கு இது தெரியாததல்ல. என் சின்ன வயதில் நாங்கள் இங்கே கிடர்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது மொட்டைமாடியிலிருந்து துறைமுக கேட் தெரியும். சரக்கு ஏற்றிய லாரிகளை உடனுக்குடன் வெளியே விடுவார்கள். உள்ளே போகவேண்டிய காலி லாரிகள் பாலம் வரைக்கும் நிற்கும். உள்ளே கப்பலில் சரக்கு இருக்கும், ஏற்ற லாரி இருக்காது. அண்ணன் மேலேயிருந்து "முட்டாளுங்களா, காலியை உள்ள விடுங்கடா!" என்று கத்துவார்.

எங்கள் திட்டத் தலைவர் ராகவ், காலி விஷயத்தை எடுத்துவிட்டு லோடுக்கு மட்டும் திட்டம் கொடுக்கலாம் என்கிறார். ரயில்வேக்காரர்களுக்குக் கோபம் வராதாம். கோபம் வராது, நிலக்கரியும் வராது என்றேன். கடைசியில் ஏப்ரல் முதல் உங்கள் பாதையில் சோதனைக்கு அனுமதி வாங்கினேன். அது தோற்றால் காலிக்கு முதல் வழி என்ற விதியை எடுத்துவிடுவார்கள். அப்புறம் இரண்டு வருடமாக நான் செய்ததில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஹோலிக்கு வரவில்லை அண்ணி. வெறுங்கையோடு வர எனக்கு மனமில்லை. கணக்கு உங்கள் ஊர்ப் பாதையில் ஓடிக் காட்டட்டும், வருகிறேன்.

அன்புடன்
மகேஸ்வரி

•

பலாஷ்ஜோர்
24 மார்ச்

அன்பு மகேஸ்வரி,

சளி போனதா? சுக்கைத் தட்டிக் கொதிக்கவைத்துக் குடி. இங்கே இரண்டு பேரும் சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் கரண்ட் போய்விடுகிறது, தண்ணீர் மோட்டார் ஓடுவதில்லை. காலனி முழுக்க வாளியோடு அலைகிறது.

காபித்தூள் வந்தது. வாசனை தபால்காரர் வரைக்கும்.

துறைமுக கேட் விஷயம் உண்மையா என்று உன் அண்ணனிடம் கேட்டேன். "அவளுக்கு அப்ப ஒன்பது வயசு, என்ன ஞாபகம் இருக்கும்" என்றார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தபிறகு, "முட்டாளுங்கன்னு சொல்லலை. கழுதைங்கன்னு சொன்னேன்" என்றார்.

ஏப்ரலில் லீவு போட்டிருந்தார், என்னைக் கூட்டிக்கொண்டு கரூர் போவதாக இருந்தார். டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு "வேலை இருக்கு" என்றார்.

இதை எழுத மறந்தேன். நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டே, "கல்கத்தா மேடம் கேந்துடி ஸ்டேஷன்ல லோடு வண்டியை நிறுத்திப் பார்த்திருக்காங்களா? கேந்துடியைப் பார்த்தாவது இருக்காங்களா?" என்றார். வழக்கமான கிண்டல்தான். காதில் போட்டுக்கொள்ளாதே.

அன்புடன்
செல்வராணி

•

லேக் கார்டன்ஸ்
5 ஏப்ரல்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கஷாயத்தில் சளி போயிற்று. முட்டிவலிக்கு எண்ணெய் தடவுகிறீர்களா? நேற்று மாலை இங்கே முதல் கால்பைசாகி அடித்தது. புயலில் எதிர்வீட்டு அன்டெனா எங்கள் பால்கனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கரூர்ப் பயணம் நின்றது என்னால் என்றால் மன்னித்துவிடுங்கள்.

கேந்துடி பற்றி அண்ணன் கேட்டதற்குப் பதில். பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. இந்தக் கணக்கில் நூற்றுக்கு மேல் நிலையங்கள் இருக்கின்றன. கேந்துடியில் ஒதுங்க லைன் இருக்கிறது, ஐம்பத்தெட்டு வேகன் கொண்ட வண்டி அதில் கொள்ளும். கணக்குக்கு அது போதும்.

சோதனை தொடங்கிவிட்டது. மற்ற ஷிஃப்டுகளில் பழையபடி காலியைத்தான் நிறுத்துகிறார்கள். ஒரே ஒருவருடைய ஷிஃப்டில்தான் காலிக்கு வழி கிடைக்கிறது. யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதிலும் ஒரு வீம்பு. லோடைக் கேந்துடியில் நிறுத்தச் சொன்னால் ஒரு நிலையம் முன்பே, பர்பேடாவிலேயே நிறுத்திவிடுகிறார். அதனால் லோடு ஒவ்வொன்றும் தேவைக்கு மேல் நிற்கிறது. எங்கள் திட்டத்தை எங்கள் திட்டமாக நடத்தவிடாமல் தன் கையைக் காட்டுகிறார். ராகவிடம் சொல்லி, திட்டத்தில் உள்ள நிலையத்தை மாற்றக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு கேட்டிருக்கிறேன். இன்று வந்திருக்கும்.

இதை அவர் படித்தாலும் சரி.

அன்புடன்
மகேஸ்வரி

•

பலாஷ்ஜோர்
19 ஏப்ரல்

அன்பு மகேஸ்வரி,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்கவேண்டும். முட்டிவலி இருக்கத்தான் செய்கிறது, எண்ணெய்க்கு அது அடங்காது.

போன சனிக்கிழமை நடந்தது உனக்கு அங்கே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உன் அண்ணன் ஷிஃப்டில் கேந்துடியில் ஒரு லோடை நிறுத்தினார்கள். எதிரே காலி போய்விட்டது. அதற்குப் பிறகு லோடு நகரவில்லை. கேந்துடி தாண்டியதும் ஏற்றமாம். ஓடிவருகிற வேகத்தில் ஏறிவிடுமாம், நின்ற இடத்திலிருந்து ஏறாதாம். பின்னாலிருந்து தள்ள இங்கிருந்து இன்னொரு எஞ்சின் போயிற்று. மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிறவரை பாதை அடைப்பு. பாசஞ்சரில் வந்தவர்கள் வெயிலில் இறங்கித் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து வந்தார்கள். ஒரு கைக்குழந்தைக்காரிக்கு நான் மோர் கொடுத்தேன்.

உன் அண்ணன் மறுநாள்தான் வீட்டுக்கு வந்தார். மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்.

"என்ன எழுதினீங்க?"

"எழுதவேண்டியதை."

உன் கடிதம் வந்தது. படித்தார். இந்த முறை கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

செல்வராணி

•

லேக் கார்டன்ஸ்
28 ஏப்ரல்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடல்நலம் கேட்டுத் தொடங்கவேண்டும், ஆனால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என்னுடன் வேலை செய்யும் சைதன்யா, அந்தப் பாதை அடைப்பைப் பற்றி ரயில்வே அனுப்பிய அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினான். அதில் எங்கள் திட்டத்தின் பெயரே இல்லை. நிலையத்தை மாற்றக்கூடாது என்று போன உத்தரவும் இல்லை. "கேந்துடியில் நிறுத்தும் முடிவு என்னுடையது" என்று அண்ணன் எழுதிய ஒரு வரி மட்டும் இருக்கிறது. "நல்ல ஆள், நம்மைக் காப்பாத்திட்டார்" என்றார் ராகவ். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு, நேற்று, ஹவுராவில் ரயிலேறிக் கேந்துடிக்குப் போனேன். பலாஷ்ஜோரில் வண்டி நின்றது. உங்கள் காலனித் தண்ணீர்த்தொட்டி ஜன்னலில் தெரிந்தது. இறங்கவில்லை.

கேந்துடி பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் தரை சமமாகத்தான் தெரிகிறது. பாதையை ஒட்டி ஒரு பெண் சைக்கிளில் இரண்டு குடம் தண்ணீரைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனாள். நிலையத்தைத் தாண்டியதும் அவள் முதுகு வளைந்தது. நான் அங்கேயே நின்று அவள் மேட்டைக் கடக்கிறவரை பார்த்தேன். பர்பேடாவில் அண்ணன் வண்டிகளை நிறுத்தியது வீம்பு இல்லை. பல் தேய்த்துக்கொண்டே கேட்டது கிண்டலும் இல்லை.

கேந்துடியில் லோடை நிறுத்தக்கூடாது என்று கணக்கில் போட்டுவிட்டேன். ஆனால் சோதனையை நிறுத்திவிட்டார்கள். லோடை நிறுத்தியதே தவறு என்று ஆகிவிட்டது. ஜூன் பத்தாம் தேதி தலைமையகத்தில் கூட்டம். காலி விதியை எடுத்துவிட்ட அறிக்கையை ராகவ் தயாராக வைத்திருக்கிறார். நான் விடப்போவதில்லை. விதி தவறில்லை, நிறுத்திய இடம்தான் தவறு.

அண்ணி, அண்ணனிடம் கேளுங்கள். அந்தப் பாதையில் லோடு நின்றால் எழாத இடம் இன்னும் எங்கெங்கே இருக்கிறது? வாக்குவாதத்துக்காகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிறேன்.

முட்டிக்கு டாக்டரைப் பாருங்கள்.

மகேஸ்வரி

•

லேக் கார்டன்ஸ்
19 மே

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று வாரமாக உங்கள் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அண்ணன் நலமா? போன் செய்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

இங்கே அனல் பறக்கிறது. மாலையில் கரண்ட் போகிறது. கீழ்வீட்டு மாஷிமா விசிறியோடு படியில் உட்கார்ந்து "கரென்ட் கொகோன் ஆஷ்பே?" என்று என்னிடம்தான் கேட்கிறாள். எப்போது வரும் என்று எனக்கென்ன தெரியும்? "நீதானே கரென்ட்டுக்குக் கணக்குப் போடறே" என்கிறாள்.

அண்ணன் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாதையின் ஏற்ற இறக்க அளவுகளை ரயில்வேயின் பழைய வரைபடங்களிலிருந்து நானே எடுக்கத் தொடங்கிவிட்டேன். பாதிதான் கிடைக்கின்றன. ஜூன் பத்துக்குள் கிடைத்ததை வைத்து நிற்பேன்.

நீங்கள் நலம் என்று ஒரு வரி போதும்.

மகேஸ்வரி

•

பலாஷ்ஜோர்
26 மே

அன்பு மகேஸ்வரி,

பயப்படாதே, நாங்கள் இருவரும் நலம். மெஷினைக் கழற்றி வைத்திருந்தேன், போன் கேட்கவில்லை. அவர் போனைத் தொடவே இல்லை.

நான் எழுதாததற்குக் காரணம், நீ கேட்டது என்னை இல்லை, அவரை. கேட்ட உனக்கு அவர் பதில் சொல்கிறவரை நான் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். உன் கடிதத்தை அவர் சட்டைப் பையில் வைத்திருந்தார். சட்டை துவைக்கும்போது எடுத்து வைப்பேன், மறுநாள் வேறு சட்டைக்குப் போய்விடும்.

நேற்று முன்தினம் என்னை உட்காரவைத்து, "ஒரு காகிதம் எடு" என்றார். "அவளுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. உனக்குச் சொல்றேன். நீ எழுதிக்கிட்டா அது உன் இஷ்டம்."

பிறகு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்.

"கேந்துடி. அது இப்ப அவளுக்கே தெரியும். சால்குடி, அங்கயும் எழாது. மொஹுல்பானி, மழை பெய்ஞ்சா மட்டும், தண்டவாளம் வழுக்கும். மத்த இடத்துல நிறுத்தலாம். அப்புறம், ஒவ்வொரு காலிக்கும் ஒவ்வொரு தடவை லோடை நிறுத்தச் சொல்றா. போன்ல அதை நடத்தறவன் பைத்தியமாயிடுவான். மத்தியானப் பாசஞ்சர் போனதும் மூணு காலியை ஒண்ணு பின்னால ஒண்ணா விடு. லோடு ஒரு தடவை நின்னா போதும். எழுதினியா? புள்ளி வை."

"எல்லாம் எழுதினேன். அவளைப் பத்தி ஒரு வார்த்தை?" என்றேன்.

"கேந்துடிக்குப் போனவ, நடுவுல இறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கலாம்" என்றார். அதையும் எழுதச் சொன்னாரா இல்லையா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. அவர் இப்போதெல்லாம் பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிறார். மத்தியானம் வீட்டில் சாப்பிடுகிறார். ஞாயிறு லீவு. வெண்டைக்காய் போட்டிருக்கிறார், தினமும் போய்ப் பார்க்கிறார்.

அன்புடன்
செல்வராணி

•

லேக் கார்டன்ஸ்
12 ஜூன்

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும். நான் நலம்.

அண்ணன் மத்தியானம் வீட்டில் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கண்ட்ரோல் மேஜையில் இருப்பவர் ஞாயிறு லீவெடுத்து வெண்டைச்செடி பார்ப்பதில்லை. அவரை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீங்கள் அதை எழுதவில்லை, எனக்குப் புரிந்தது.

அவர் சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். மூன்று காலியைச் சேர்த்து விடுவது என் வரிசையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் நிலக்கரி சேர்க்கிறது. ஆனால் ஒரு மனிதர் போனில் நடத்தக்கூடியது. என்னுடையது திரையில் மட்டுமே ஓடும். அவருடையதை எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் தேதி கூட்டத்தில் ராகவ் பேசி முடிக்கிறவரை காத்திருந்தேன். பிறகு எழுந்து, கேந்துடியில் நிறுத்தச் சொன்னது எங்கள் திட்டம், மாற்றக்கூடாது என்று எழுத்தில் கேட்டது நான் என்று சொல்லி அந்த உத்தரவை மேஜையில் வைத்தேன்.

பெரிய அதிகாரி கேட்டார். "அப்படியானால் அந்தக் கண்ட்ரோலர் ஏன் தன் விளக்கத்தில் இதை எழுதவில்லை?"

"அவர் என் அண்ணன், சார்."

ராகவ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கடைசி வரிசையில் யாரோ, "இது ரயில்வே பிரச்சினையா, குடும்பப் பிரச்சினையா?" என்று சிரித்தார்கள்.

"குடும்பத்தில் தீர்ந்துவிட்டது. காலி வண்டிதான் இன்னும் நிற்கிறது" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது, பாதி பதில் உங்கள் கையெழுத்தில். கடைசியில் அந்தப் பாதையில் திட்டம் மீண்டும் ஓட அனுமதித்தார்கள். காலை கான்ஃபரன்ஸில் இனிக் காலியையும் எண்ணிச் சொல்லவேண்டும் என்று கேட்டேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். மேஜையில் யார் உட்காரவேண்டும் என்பதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. திட்டம் அவர் சொன்னபடி அமைந்தது என்பதை மட்டும் சொன்னேன்.

மறுநாள் ராகவ் கூப்பிட்டார். அண்ணன் இருக்கும் பாதையில் தங்கை கணக்குப் போடக்கூடாதாம், அதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டுமாம். அவர் சொல்வது சரி. இனிச் சைதன்யா பார்ப்பான். என் பெயர் அறிக்கையில் வராது. செப்டம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கமாட்டார்கள். காலி விதியை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை.

கணக்கு ஓடிய பிறகு வருகிறேன் என்று எழுதியிருந்தேன். ஓடப்போகிறது, ஆனால் இப்போது அது என்னுடையது இல்லை. எந்த முகத்தோடு வருவது என்று தெரியவில்லை அண்ணி. கொஞ்ச நாள் போகட்டும்.

மகேஸ்வரி

•

பலாஷ்ஜோர்
13 ஜூலை

அன்பு மகேஸ்வரி,

நலமாக இருக்கிறாயா? இங்கே நல்ல மழை. வெண்டைக்காய் காய்த்து, பறிக்க ஆள் இல்லாமல் முற்றிக்கொண்டிருக்கிறது. பறிக்கவேண்டியவர் மறுபடி ஷிஃப்டுக்குப் போகிறார்.

போன மாதம் இருபத்துமூன்றாம் தேதி அவரைத் திரும்ப மேஜைக்கு அழைத்தார்கள். முதல் நாள் பாசஞ்சர் போனதும் ஒரு லோடைப் பர்பேடாவில் நிறுத்திவிட்டு மூன்று காலியை வரிசையாக விட்டாராம். மின்நிலையத்திலிருந்து போன், மேலிருந்து போன், "லோடை எதுக்கு நிறுத்தினே?" என்று. "காலியை விட்டிருக்கேன். நாளைக்கு எண்ணிப் பாருங்க" என்று வைத்துவிட்டாராம். இதை அவர் சொல்லவில்லை. அவர்கூட வேலை செய்யும் சிவராஜ் மனைவி மார்க்கெட்டில் சொன்னாள். இப்போது மற்ற ஷிஃப்டுக்காரர்களும் அப்படியே விடுகிறார்களாம். சுரங்கத்தில் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் இப்போது வண்டி அதிகம் வருகிறது, ஆள் போதவில்லை என்கிறார்களாம்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பத்து நாளாக மத்தியானம் மோட்டார் ஓடுகிறது. மழையால்தான் கரண்ட் போகாமல் இருக்கிறது என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் தொட்டியை நிரப்பிக்கொண்டேன்.

எந்த முகத்தோடு வருவது என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நானே அவரிடம் கொடுத்தேன், அரிசி டப்பாவில் வைக்கவில்லை. படித்துவிட்டு என் பேனாவைக் கேட்டார். கீழே இருப்பது அவர் எழுதியது. உனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

அன்புடன்
செல்வராணி

மகேஸ்,

வருகிற ஞாயிறு காலைப் பாசஞ்சரில் ஏறு. என் ஷிஃப்ட். வழியில் எங்கேயும் ஒதுக்கமாட்டேன். அண்ணி வத்தக்குழம்பு வைக்கிறாள். பை, பெட்டி, ஸ்வீட் என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. காலியாகவே வா. ஏற்றி அனுப்புவது எங்கள் வேலை.

ஜெய்ராம்